எந்திரக் கண்ணுக்குப் பாடம் சொன்னவர் யார்?



ஆற்காட்டிலிருந்து ஆரணிக்குப் போகும் சாலையில் உள்ள ஊர் திமிரி. சுற்றிலும் நெல்லும் நிலக்கடலையும் விளைகிற பூமி. ஆனால் பாலாற்றங்கரைப் பக்கம் போனால் தொழில் மாறிவிடும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் தொடர்ந்து வரும். இந்தப் பகுதியில் பல குடும்பங்களுக்குத் தோல்தான் சோறு போடுகிறது.

திமிரியில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த வீட்டில் ஒரு பெரியப்பா. முப்பது ஆண்டுகளாகத் தோல் தொழிற்சாலையில் தோல்களைத் தரம் பிரிக்கிறவர். அவருக்குப் பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. "மாத்திரை போடுகிறேன், கண் நன்றாகத்தானே தெரிகிறது!" என்பார்.

இந்தப் பெரியப்பாவைப் பற்றி நாம் இரண்டு கேள்விகள் கேட்கப் போகிறோம். முதல் கேள்வி: அவருடைய கண் செய்யும் வேலையை ஓர் எந்திரம் செய்ய முடியுமா? இரண்டாவது கேள்வி: அவருடைய கண்ணுக்குள்ளேயே ஓர் எந்திரம் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியுமா? ஒன்று தொழிற்சாலைக் கேள்வி, மற்றொன்று மருத்துவமனைக் கேள்வி. ஆனால் இரண்டுக்கும் விடை தருவது ஒரே அறிவியல்தான். அதற்குச் செயற்கை நுண்ணறிவு என்று பெயர். இந்தக் கட்டுரையை ஒரு பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு படியுங்கள். நடுவில் சில கணக்குகள் வரும். எளிய கணக்கே போதும்.

பெரியப்பாவின் மேசை

முதலில் பெரியப்பா என்ன செய்கிறார் என்று பார்ப்போம். ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ உப்பிட்டு வரும். அதை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு முடி நீக்கி, சதை நீக்கி, குரோமியம் உப்பு கொண்டு பதனிட்டால் அது வெளிர் நீல நிறமாகும். இந்த நிலையில் ஒரு முறையும், உலர்ந்த பிறகு மறுபடியும் தரம் பிரிப்பார்கள்.

தோல் என்பது அந்த விலங்கின் வாழ்க்கை வரலாறு. முள்வேலியில் உரசிய கீறல், உண்ணி கடித்த புள்ளி, அம்மைத் தழும்பு, சூடு போட்ட அடையாளம், உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு எல்லாம் அதில் எழுதியிருக்கும். பெரியப்பா ஒரு தோலை மேசையில் விரித்து, வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி, ஒரு பார்வை பார்த்து, விரல்களால் ஒரு முறை தடவுவார். வயிற்றுப் பகுதியை உள்பக்கமாக மடித்து, எவ்வளவு சுருக்கம் விழுகிறது என்று பார்ப்பார். சில விநாடிகளில் இது எந்தத் தரம் என்று சொல்லிவிடுவார்.

"எப்படிக் கண்டுபிடித்தீர்கள், பெரியப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். "பார்த்தாலே தெரியும்" என்பார். அவரால் அதற்குமேல் விளக்க முடியாது. உங்கள் அம்மாவின் முகத்தை எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று கேட்டால் உங்களாலும் விளக்க முடியாது அல்லவா? அதைப் போலத்தான்.

கணிப்பொறி விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் தடுமாறியது இந்த இடத்தில்தான். "செயற்கை நுண்ணறிவு" என்ற பெயரை ஜான் மெக்கார்த்தியும் அவருடைய நண்பர்களும் 1955-இல் சூட்டினார்கள். மறு ஆண்டே அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் அதைப் பற்றி ஒரு கோடைக்கால ஆய்வுக்கூட்டமும் நடந்தது. கணிப்பொறிக்கு விதிகளை எழுதிக் கொடுத்தால் அது சதுரங்கம்கூட ஆடியது. ஆனால் பூனையையும் நாயையும் வேறுபடுத்த விதி எழுத யாராலும் முடியவில்லை. விளக்க முடியாத அறிவை விதியாக எழுதுவது எப்படி?

படம் என்பது எண்களின் கட்டம்

கணிப்பொறிக்குப் படம் என்றால் என்ன தெரியுமா? எண்கள்! ஒரு புகைப்படத்தை வரைபடத்தாள் போலச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு வெளிச்சம் என்பதை 0 முதல் 255 வரை ஓர் எண்ணால் குறிக்கிறோம். 0 என்றால் முழு இருட்டு. 255 என்றால் முழு வெண்மை. வண்ணப் படமானால் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று எண்கள்.

பக்கத்துக்கு 299 கட்டங்கள் கொண்ட சதுரப் படத்தில் 299 × 299 = 89,401 கட்டங்கள். வண்ணத்துக்காக மூன்றால் பெருக்கினால் 2,68,203 எண்கள். இந்த எண் பட்டியலில்தான் கீறல் எங்கோ ஒளிந்திருக்கிறது. அதை எப்படிப் பிடிப்பது?

ஒரு கீறலைப் பிடிப்போம்

தோலின் படத்திலிருந்து ஒரே ஒரு வரிசையை மட்டும் எடுத்துக்கொள்வோம்:

80, 80, 80, 20, 80, 80, 80

நடுவில் உள்ள 20 ஒரு கருங்கோடு; அதாவது கீறல். இப்போது 1, −2, 1 என்ற மூன்று எண்களைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இதை ஒரு சிறு சல்லடை என்று நினையுங்கள். வரிசையில் அடுத்தடுத்த மூன்று எண்களை எடுத்து, முதல் எண்ணை 1-ஆலும், நடு எண்ணை −2-ஆலும், மூன்றாம் எண்ணை 1-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். பிறகு சல்லடையை ஒரு கட்டம் நகர்த்துங்கள்.

80, 80, 80 என்ற இடத்தில்: 80 − 160 + 80 = 0
80, 80, 20 என்ற இடத்தில்: 80 − 160 + 20 = −60
80, 20, 80 என்ற இடத்தில்: 80 − 40 + 80 = 120
20, 80, 80 என்ற இடத்தில்: 20 − 160 + 80 = −60
80, 80, 80 என்ற இடத்தில்: மறுபடியும் 0

பார்த்தீர்களா! சமமான இடத்தில் 0. கீறல் இருக்கும் இடத்தில் 120. சல்லடை கீறலைத் தூக்கிக் காட்டிவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தால் தோலின் ஒரு முனை வெளுப்பாகவும் மறுமுனை மங்கலாகவும் தெரியும். அந்த வரிசை 80, 70, 60, 50, 40 என்று இருக்கும். இதிலும் அதே சல்லடையை ஓட்டுங்கள். 80 − 140 + 60 = 0. 70 − 120 + 50 = 0. எல்லா இடத்திலும் 0! நிழலைக் கண்டு சல்லடை ஏமாறவில்லை. மெல்ல மெல்ல மாறும் வெளிச்சத்தை விட்டுவிட்டு, திடீரென மாறும் இடத்தை மட்டும் பிடிக்கிறது.

நம் கண்ணும் மூளையும் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கின்றன. பூனையின் மூளையில் குறிப்பிட்ட சாய்வுள்ள கோட்டைக் கண்டால் மட்டும் துடிக்கும் நரம்பணுக்கள் உண்டு என்று டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு அறிஞர்கள் கண்டறிந்தார்கள். அவர்களுக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுடைய கண்டுபிடிப்பைப் பின்பற்றி, அடுக்கடுக்கான சல்லடைகளைக் கொண்ட கணிப்பொறி அமைப்பு ஒன்றை ஜப்பானியரான குனிஹிகோ ஃபுகுஷிமா 1980-இல் உருவாக்கினார். முதல் அடுக்கு கோடுகளைப் பிடிக்கும். அடுத்த அடுக்கு கோடுகள் சேர்ந்த மூலைகளையும் வளைவுகளையும் பிடிக்கும். அதற்கும் மேல் அடுக்கு முழு உருவங்களைப் பிடிக்கும்.

தவறிலிருந்து கற்பது

1, −2, 1 என்ற எண்களை நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கீறலுக்கு அது சரி. உண்ணிக் கடிக்கு எந்த எண்கள்? அம்மைத் தழும்புக்கு? யாருக்கும் தெரியாது. அப்படியானால் அந்த எண்களைக் கணிப்பொறியே கண்டுபிடிக்கட்டும்! இதுதான் புதிய வழி. இந்த எண்களுக்கு 'எடைகள்' என்று பெயர்.

ஒரே ஓர் எடையைக் கொண்டு இதைப் புரிந்துகொள்வோம். ஒரு படத்தில் 2 புள்ளிகள் உள்ளன. அனுபவசாலி ஒருவர் அந்தப் படத்துக்கு 6 மதிப்பெண் கொடுத்திருக்கிறார். கணிப்பொறியின் சூத்திரம்: புள்ளிகள் × எடை = மதிப்பெண். சரியான எடை அதற்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு 1 என்று தொடங்குகிறது.

விடை: 2 × 1 = 2. வரவேண்டியது 6. தவறு 4.

இப்போது தவறையும் புள்ளிகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதில் பத்தில் ஒரு பங்கை எடையுடன் கூட்டு என்பது விதி. 4 × 2 × 0.1 = 0.8. புதிய எடை 1.8.

விடை: 2 × 1.8 = 3.6. தவறு 2.4. மறுபடியும் திருத்தினால் எடை 2.28. விடை 4.56. தவறு 1.44.

தவறு 4, 2.4, 1.44 என்று ஒவ்வொரு முறையும் குறைகிறது. இப்படியே போனால் எடை 3-ஐ நெருங்கும். கணிப்பொறிக்கு யாரும் 3 என்று சொல்லவில்லை. சரியான விடையை மட்டும் காட்டினோம். தவறிலிருந்து அதுவே வந்து சேர்ந்தது. ஏன் முழுத் திருத்தத்தையும் ஒரே தாவலில் செய்யாமல் பத்தில் ஒரு பங்கு மட்டும்? அடுத்த படம் வேறொரு விடையைக் கேட்கும். எல்லாப் படங்களுக்கும் பொருந்தும் எடையை மெல்ல மெல்லத்தான் தேட முடியும்.

உண்மையான அமைப்புகளில் ஓர் எடை அல்ல, கோடிக்கணக்கான எடைகள். ஆகவே லட்சக்கணக்கான படங்களும் மிக வேகமான கணிப்பொறிகளும் வேண்டும். அவை இரண்டும் சேர்ந்து கிடைத்த ஆண்டு 2012. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹிண்டனும் அவருடைய இரண்டு மாணவர்களும் 12 லட்சம் படங்களைக் காட்டி ஓர் அமைப்பைப் பழக்கினார்கள். பயன்படுத்திய கருவி என்ன தெரியுமா? வீடியோ விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட இரண்டு சில்லுகள்! அந்த ஆண்டுப் போட்டியில் மற்ற எல்லா முறைகளையும் அது வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது. ஜான் ஹாப்ஃபீல்டுடன் சேர்ந்து ஹிண்டன் 2024-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

தோலுக்கு வந்தால் இன்னொரு தந்திரமும் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகரில் உள்ள எம்.வி.டெக் நிறுவனம் 2019-இல் ஒரு படத்தொகுப்பை வெளியிட்டது. 15 வகைப் பொருள்களின் படங்கள் அதில் உள்ளன. அவற்றில் ஒன்று தோல். பழகுவதற்கென்று கொடுத்த 245 தோல் படங்களில் ஒன்றில்கூடக் குறை கிடையாது! காரணம் எளிது. தோலில் என்னென்ன குறை வரலாம் என்று யாராலும் முழுப் பட்டியல் தர முடியாது. ஆகவே நல்ல தோல் எப்படி இருக்கும் என்று மட்டும் கற்றுக்கொண்டு, அதிலிருந்து மாறுபட்டதை எல்லாம் பிடிக்கச் சொல்கிறார்கள். நல்ல நோட்டையே எண்ணிப் பழகிய வங்கிக் காசாளர் கள்ள நோட்டைத் தொட்டதும் நிறுத்துவார் அல்லவா? அது போலத்தான்.

விழித்திரையில் என்ன தெரிகிறது?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். பெரியப்பாவின் கண்.

கண்ணின் பின்சுவரில் உள்ள மெல்லிய படலம் விழித்திரை. நாம் காணும் காட்சி அங்கேதான் விழுகிறது. அதற்கு உணவு கொண்டுவருவது முடியைவிட நுண்ணிய இரத்தக் குழாய்கள். வயலில் போட்ட சொட்டுநீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுதியாக இருந்தால் இந்தக் குழாய்களின் சுவர் பலவீனமாகிறது. முதலில் அங்கங்கே சிறு கொப்புளம்போல் உப்பும். அது சிவப்புப் புள்ளியாகத் தெரியும். பிறகு இரத்தம் கசியும். கொழுப்பு கசிந்த இடம் மஞ்சள் திட்டாகத் தெரியும். கடைசியில் உணவு கிடைக்காத விழித்திரை புதிய குழாய்களை முளைக்கவிடும். அவை எளிதில் உடைந்து, கண்ணுக்குள் இரத்தம் பரவும், பார்வை போகும்.

இதில் பயங்கரமான செய்தி ஒன்று உண்டு. தொடக்கத்தில் வலி கிடையாது. பார்வையும் மங்காது. "கண் நன்றாகத்தானே தெரிகிறது!" என்று பெரியப்பா சொல்லும் அந்த நாளிலேயே உள்ளே கசிவு தொடங்கியிருக்கலாம். அப்போதே கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையாலும் ஊசி மருந்தாலும் பார்வையைக் காக்கலாம். தாமதமானால் போன பார்வையைத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம்.

ஆகவே சர்க்கரை நோயாளிகள் எல்லோரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழித்திரையைக் காட்ட வேண்டும். எத்தனை பேர்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்த பெரும் ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 14 பேருக்கும் மேல். இத்தனை கண்களையும் ஆண்டுதோறும் பார்க்கக் கண் மருத்துவர்கள் எங்கே போவது? அவர்களும் பெரும்பாலும் நகரங்களில் இருக்கிறார்கள்.

விழித்திரையைப் படம் பிடிக்கும் காமிரா இருக்கிறது. பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் அதை இயக்கலாம். படத்தைப் பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை. தோலில் உண்ணிக் கடியைக் கண்டுபிடிக்கும் எந்திரக் கண், விழித்திரையில் சிவப்புப் புள்ளியைக் கண்டுபிடிக்காதா?

மதுரையிலும் சென்னையிலும்

கண்டுபிடிக்கும் என்று காட்டிய ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் 1978-இல் சென்னையில் நிறுவியது சங்கர நேத்ராலயா. இவ்விரண்டும், பெங்களூரின் நாராயண நேத்ராலயாவும், அமெரிக்கக் கண் பரிசோதனைத் திட்டம் ஒன்றும் தந்த விழித்திரைப் படங்களைக் கொண்டு கூகுள் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் ஓர் அமைப்பைப் பழக்கினார்கள். முடிவு 2016-இல் வெளியாயிற்று.

பழக்கிய படங்கள் 1,28,175. படங்களுக்குச் சரியான விடை எழுதிக் கொடுத்தவர்கள் 54 கண் மருத்துவர்கள். ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 பேர் வரை தனித்தனியே பார்த்தார்கள். ஏன் இத்தனை பேர்? ஒரே படத்தைப் பார்த்து இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்வதுண்டு. ஆகவே பலருடைய கருத்தைச் சேர்த்து விடையாகக் கொண்டார்கள்.

சேகரித்து வைத்த படத்தில் வென்றால் போதாது. நேரில் வரும் நோயாளிகளிடம் எப்படி? அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டது. முடிவு 2019-இல் வந்தது. சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய அளவு நோய் உள்ளவர்களில், அரவிந்தில் 100-க்கு 88.9 பேரையும் சங்கர நேத்ராலயாவில் 92.1 பேரையும் எந்திரம் சரியாகக் கண்டுபிடித்தது. அந்த அளவு நோய் இல்லாதவர்களை "இல்லை" என்று சரியாகச் சொன்னது முறையே 92.2 பேர், 95.2 பேர். அதே படங்களைத் தனியாகப் பார்த்த மனிதர்களோ, நோய் உள்ளவர்களில் 73.4 முதல் 89.8 பேர் வரை கண்டுபிடித்தார்கள். எந்திரம் அவர்களுக்குச் சமமாகவோ மேலாகவோ நின்றது.

இதே வழியில் மற்றத் துறைகளிலும் எந்திரக் கண் நுழைந்துவிட்டது. காசநோயைக் கண்டறிய மார்பு எக்ஸ்ரே படங்களைக் கணிப்பொறி கொண்டு வாசிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது.

ஆயிரம் பேர் கணக்கு

இப்போது ஒரு முக்கியமான கணக்கு. திமிரியில் ஒரு முகாம் நடப்பதாகக் கொள்வோம். 1,000 சர்க்கரை நோயாளிகள் வருகிறார்கள். அவர்களில் 100 பேருக்குச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய கண்நோய் இருக்கிறது. 900 பேருக்கு இல்லை. எந்திரம் நோயாளிகளில் 100-க்கு 90 பேரைப் பிடிக்கும். நோயில்லாதவர்களில் 100-க்கு 92 பேரைச் சரியாக விட்டுவிடும். கணக்கிடுங்கள்.

நோய் உள்ள 100 பேரில் பிடிபட்டவர் 90. தப்பியவர் 10.
நோய் இல்லாத 900 பேரில் சரியாக விடப்பட்டவர் 828. வீணாகப் பயமுறுத்தப்பட்டவர் 72.

"வேலூருக்குப் போய்க் கண் மருத்துவரைப் பாருங்கள்" என்று எந்திரம் சொன்னது 90 + 72 = 162 பேரிடம். அவர்களில் உண்மையில் நோய் உள்ளவர் 90 பேர். அதாவது 100-க்கு 56 பேர்தான். ஆகவே எந்திரம் "நோய்" என்றதும் அழ வேண்டாம். அது தீர்ப்பு அன்று, அழைப்பு.

மறுபக்கம் பாருங்கள். "நோயில்லை" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் 838 பேர். அவர்களில் 10 பேருக்கு நோய் இருக்கிறது. அந்தப் பத்துப் பேரில் பெரியப்பா இருந்தால்?

இங்கேதான் தொழிற்சாலையும் மருத்துவமனையும் பிரிகின்றன. எந்திரம் ஒரு கீறலைத் தவறவிட்டால் ஒரு செருப்பு திரும்பி வரும். நஷ்டம் பணத்தோடு போகும். விழித்திரையில் ஒரு புள்ளியைத் தவறவிட்டால் பார்வை திரும்பி வராது. ஆகவே கண் விஷயத்தில், வீண் அழைப்பு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, தப்புகிறவர் குறைய வேண்டும் என்று எந்திரத்தைத் திருப்பி வைக்கலாம். எந்தப் பக்கம் திருப்புவது என்பதை எந்திரம் முடிவு செய்யாது. மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். பரிசோதனையை ஆண்டுதோறும் செய்யச் சொல்வதும் இதனால்தான். இந்த ஆண்டு தப்பியது அடுத்த ஆண்டு பிடிபடட்டும்.

எந்திரம் ஏமாறும் இடங்கள்

எந்திரக் கண் காட்டியதை மட்டும் கற்கும். காட்டாததை அறியாது. சில சமயம் நாம் நினைக்காததையும் கற்றுக்கொள்ளும். தோல் புற்றுநோயைக் கண்டறியப் பழக்கிய ஓர் அமைப்பை ஆராய்ந்தபோது, படத்தில் அளவுகோல் தெரிந்தால் அது "புற்று" என்று சொல்லும் போக்குடையது என்று தெரியவந்தது! மருத்துவர்கள் சந்தேகமான மச்சத்தின் அருகில்தான் அளவுகோலை வைத்துப் படம் எடுப்பார்கள். எந்திரம் மச்சத்தோடு அளவுகோலையும் சேர்த்துப் படித்துவிட்டது. கேள்வியைப் புரிந்துகொள்ளாமல், ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே விடை சொல்லும் மாணவனைப் போல!

ஆராய்ச்சிக்கூடம் வேறு, கிராமம் வேறு. தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களில் விழித்திரை எந்திரத்தைப் பயன்படுத்தியபோது நடந்ததை 2020-இல் ஆராய்ச்சியாளர்களே எழுதினார்கள். 1,838 படங்களில் 100-க்கு 21 படங்களை, தெளிவில்லை என்று எந்திரம் திருப்பி அனுப்பிவிட்டது. சில நிலையங்களில் இருட்டறை இல்லை. இணைய வேகமும் போதவில்லை. வேலையை விட்டு வந்தவர்களை இன்னொரு நாள் வேறு மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டியதாயிற்று. எந்திரம் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், ஜன்னலுக்கு ஒரு கறுப்புத் திரை இல்லாவிட்டால் பயனில்லை.

தோல் தொழிலிலும் அப்படியே. எந்திரக் கண் பார்க்கும், தடவாது. வயிற்றுப் பகுதி தளர்ந்திருப்பதை மேற்பரப்புப் படம் மட்டும் சொல்லாது. அதற்குப் பெரியப்பாவின் விரல் வேண்டும். காலணித் துண்டுகளைத் தோலில் நெருக்கமாக அடுக்கி வெட்டும் கணிப்பொறி மேசைகள் வந்துவிட்டன. அவற்றில் பலவற்றில் குறையுள்ள இடத்தைத் தொழிலாளி குறித்துக் கொடுக்கிறார். குறியை விலக்கி, வீணாகும் துண்டு குறையும்படி எந்திரம் அடுக்குகிறது. கண் மனிதருடையது, கணக்கு எந்திரத்தினுடையது.

பாடம் சொன்னவர் யார்?

தலைப்பில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். 1,28,175 படங்களுக்கு விடை எழுதிய மருத்துவர்கள்தான் விழித்திரை எந்திரத்தின் ஆசிரியர்கள். தோல் எந்திரம் ஒன்று நம் ஊருக்கு வந்தால் அதற்கு ஆசிரியர் யார்? "இது முதல் தரம், இது மூன்றாம் தரம்" என்று ஆயிரக்கணக்கான தோல்களுக்குச் சொல்லப் போகும் பெரியப்பாதான். அவருடைய முப்பது ஆண்டு அனுபவம்தான் எடைகளாக மாறி எந்திரத்துக்குள் போகும்.

அப்படியானால், எந்திரம் கற்று முடித்த பிறகு பெரியப்பாவின் வேலை என்ன ஆகும்? இது நியாயமான கேள்வி. இதற்கு எந்திரத்துக்குள் விடை இல்லை. சிரமமான பார்வையை எந்திரம் ஏற்று, சந்தேகமான தோல்களை மட்டும் பெரியப்பாவிடம் அனுப்பும் ஏற்பாடும் செய்யலாம். அவரையே வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடும் செய்யலாம். எதைச் செய்வது என்பது தொழிற்சாலையும் தொழிலாளரும் அரசும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. இன்னும் பத்து ஆண்டுகளில் அந்த முடிவை எடுக்கும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். எந்திரம் எப்படிக் கற்கிறது என்று தெரிந்தவர்கள், யாரிடமிருந்து கற்றது என்பதையும் மறக்கமாட்டார்கள்.

அதற்கு முன், இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களிடம், "கடைசியாக விழித்திரையைக் காட்டியது எப்போது?" என்று கேளுங்கள். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகை படித்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது விழித்திரைப் பரிசோதனை அன்று. ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் அரசு மருத்துவமனைக்கோ கண் மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். கண்மணிக்குச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். ஆகவே துணைக்கு நீங்களும் போங்கள்.

செய்து பாருங்கள்

ஐம்பது நிலக்கடலைப் பருப்புகளை எடுத்து 1 முதல் 50 வரை எண்ணிட்ட தாளில் வரிசையாக வையுங்கள். நீங்களும் உங்கள் நண்பரும் ஒருவருக்கொருவர் காட்டாமல் ஒவ்வொன்றையும் "நல்லது", "சொத்தை" என்று தனித்தனியே எழுதுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். எத்தனையில் இருவரும் வேறுபட்டீர்கள்? இப்படிப்பட்ட விடைகளைக் கொண்டு எந்திரத்தைப் பழக்கினால் அது யார் பக்கம் சாயும்? மூன்றாவது நண்பரையும் சேர்த்து, பெரும்பான்மை விடையை எடுத்துப் பாருங்கள். 54 மருத்துவர்கள் ஏன் தேவைப்பட்டார்கள் என்பது விளங்கும்.

வினாக்கள்

1. 60, 60, 60, 150, 60, 60 என்ற வரிசையில் 1, −2, 1 சல்லடையை ஓட்டுங்கள். வெண்புள்ளிக்கும் கருங்கீறலுக்கும் விடையில் என்ன வேறுபாடு?

2. புள்ளிகள் 2, சரியான மதிப்பெண் 6, தொடக்க எடை 5. ஒரு முறை திருத்திய பின் எடை என்ன?

3. திமிரி முகாமுக்கு வந்த 1,000 பேரில் 20 பேருக்கு மட்டுமே நோய் என்று கொள்ளுங்கள். எந்திரம் அதே எந்திரம். அது "நோய்" என்றவர்களில் உண்மையில் நோய் உள்ளவர் 100-க்கு எத்தனை பேர்?

விடைகள்

1. 0, 90, −180, 90. கருங்கீறல் இருக்கும் இடத்தில் கூட்டல் எண் வரும். வெண்புள்ளி இருக்கும் இடத்தில் கழித்தல் எண் வரும்.

2. விடை 10; தவறு 6 − 10 = −4. திருத்தம் −4 × 2 × 0.1 = −0.8. புதிய எடை 4.2. மிகுதியான எடை தானே குறைகிறது.

3. பிடிபட்டவர் 18, வீண் அழைப்பு 980-இல் சுமார் 78. மொத்தம் 96 பேரில் 18 பேர். அதாவது 100-க்கு சுமார் 19 பேர். எந்திரம் மாறவில்லை, வந்த கூட்டம் மாறியதால் அதன் சொல்லின் மதிப்பு மாறியது.